நாட்குறிப்பிலே நித்தியமும் நைமித்திகமும்

எம் முன்னோர் மனிதன் செய்யுங் கருமங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகையாக வகுத்தனர். நாடோறுந் தவறாது செய்யப்படுவது நித்தியம். யாதாயினும் ஒரு நிமித்தம் பற்றி, அது நேர்ந்த காலத்துச் செய்யப்படுவது நைமித்திகம். கிரகண காலத்து நீராடலும், பெற்றோர் இறந்த திதியிலே செய்யுஞ் சிரார்த்தமும் இவ்வகையின. ஒரு பயனை விரும்பிச் செய்வது காமியம். இப்பாகுபாட்டைச் சைவசமய பாடத்துக்காக மனனஞ் செய்து, பரீட்சையிலே புள்ளி வாங்கியதோடு மறந்துவிட்டவர் எம்மிற் பலர். நாமும் மறந்தே இருந்தோம். சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு காரியம் அதனை மீள நினைப்பித்தது.

பல்கலைக்கழக விடுதியிலே தங்கிப் படிக்கும் நாம், ஒவ்வோர் இரவும் மறுநாட் செய்ய வேண்டியவற்றைக் கொப்பி ஒற்றையொன்றிலே நிரையாக எழுதி வைப்பது வழக்கம். இக்காலத்திலே இதற்கெனக் கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவோரே பலர். எமக்குத் தாளே வசதி. ஐந்து மணிக்கு எழும்புதல், குளித்தல், தேவாரம் ஓதுதல், பத்திரிகை பார்த்தல், விரிவுரைக்குச் செல்லல், உடுப்புத் தோய்த்தல் என்றவாறு ஒன்பது வரிகள் நாள்தோறும் மாறாமல் வரும். பத்தாவது வரியிலே அன்றன்றைக்கு நேர்ந்த அலுவல் வரும். ஒரு கிழமை அந்தப் பத்தாவது வரி ‘பெரியப்பாவின் கடிதம்’ என்பதாக இருந்தது. எமது பெரியப்பாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு, ஒரு வைத்தியரிடங் கடிதம் வாங்கி, வெள்ளிக்கிழமைக்கு முன் வேறொரு பகுதியிலே ஒப்படைத்தல் வேண்டும். அவர் ஊரிலே, ஆஸ்பத்திரியோ எமது விடுதியிலிருந்து கால்மணி நேரத் தூரத்திலே. ஆதலின் இக்காரியம் எம்மிடம் விடப்பட்டது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னரே ஐந்து வரிகளுக்கு நேரே சரியடையாளம் இட்டாயிற்று. இரவிலே எண்ணிப் பார்த்தபோது பத்திலே ஒன்பது நிறைவேறியிருந்தது. மனம் நிறைந்தது, நல்ல நித்திரையும் வந்தது. செவ்வாயும் புதனும் வியாழனும் அவ்வாறே கழிந்தன. கடிதம் மாத்திரம் நான்கு நாளும் பத்தாவது வரியிலேயே கிடந்தது. வெள்ளி கழிந்த பின்னர்ச் சென்றோம். சத்திரசிகிச்சை நான்கு மாதம் பின்போயிற்று. பத்திரிகையை முதல் வரி தொட்டு இறுதி வரி வரை வாசிக்கும் பெரியப்பா, அந்த நான்கு மாதமும் பேரப்பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டிருந்தார். எம்மை அவர் ஒரு சொற்றானுங் கடிந்திலர். கடிந்திருந்தால் எளிதாயிருக்கும்.

நாளலுவற் குறிப்பிலே எதை எழுதுவது, எதை எழுதாது வழக்கத்துக்கே விடுவது என்னுங் கேள்வி அற்பமானதன்று என அப்போது உணர்ந்தோம். புதியதுமன்று. எமக்கு முன்னே இதனோடு மல்லாடியவர் பலர். அவருள் ஒருவர் தம் மல்லாட்டத்தை ஒளிக்காமல் எழுதியும் வைத்துள்ளார்.

அவர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706 - 1790). மின்னல் மின்சாரமே எனக் காட்டியவர் என்றும், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திலே கையொப்பமிட்டவர் என்றும் பாடப் புத்தகங்கள் இவரைக் கூறும். நாம் இங்கே நினைப்பது அவற்றுக்கெல்லாம் முன், பிலடெல்பியா நகரிலே சிறிய அச்சகமொன்றை நடத்திவந்த இளைஞரை. குற்றஞ் சிறிதுமில்லாத ஒழுக்கத்தை அடைந்துவிடுவது என்று அவ்விளைஞர் ஒருநாள் முடிவு செய்தார். இருபது வயதைத் தாண்டியவர் யாவருக்கும் ஒருமுறை இந்த எண்ணம் வருதல் இயல்பே. பிராங்கிளின் அதனை ஓர் அச்சுத் தொழிலாளியைப் போலச் செய்யத் தொடங்கினார். மிதவுணவு, பேச்சடக்கம், ஒழுங்கு, சிக்கனம், முயற்சி என இவ்வாறு பன்னிரண்டு நற்குணங்களை நிரைப்படுத்தினார். அகந்தையும் உமக்கு உண்டு என நண்பரொருவர் எடுத்துக்காட்டியதன் பின், பதின்மூன்றாவதாகத் தாழ்மையைச் சேர்த்தார்.

ஒரு சிறு புத்தகஞ் செய்து, பக்கந்தோறுஞ் சிவப்பு மையினாற் கோடிட்டார். கிழமையின் ஏழு நாளுக்கும் ஏழு நிரல். பதின்மூன்று குணத்துக்கும் பதின்மூன்று வரி. இரவிலே அன்றைய நாளை ஆராய்ந்து, எந்தக் குணத்திலே தவறினாரோ அந்தக் கட்டத்திலே ஒரு கரும்புள்ளி இடுவார். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் குறித்தது செய்ததை அன்று, தவறியதை. பக்கம் நிறைவது அவருக்கு நோக்கமன்று. வெறுமையாய்க் கிடப்பதே நோக்கம். நித்திய கருமத்தைச் செய்வதனாற் புதிதாக வரும் பேறு இல்லை, செய்யாதுவிடுதலே குற்றம் என மீமாஞ்சை வழிவந்த ஆசிரியர் பலர் கூறுவதை இதனோடு வைத்துப் பார்க்க. குளித்ததற்கு ஒருவனைப் பாராட்டுவாரில்லை. எமது கொப்பி ஒற்றையோ குளித்ததற்கும் ஒரு சரியடையாளந் தந்து எம்மைப் பாராட்டிக்கொண்டிருந்தது!

பதின்மூன்றையும் ஒருங்கே பிடித்தல் இயலாது என்பதைப் பிராங்கிளின் அறிந்திருந்தார். ஆதலின் கிழமைக்கு ஒரு குணமாகச் சிறப்பாகக் காத்து, மற்றவற்றை வழமை போல விட்டார். பதின்மூன்று கிழமையில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. தோட்டத்துக் களையெல்லாவற்றையும் ஒரே நாளிற் பிடுங்க முயலாமல், பாத்தி பாத்தியாகக் களைபிடுங்குவான் போல என்று தாமே உவமையுங் கூறுகின்றார். முந்திய சுற்றின் புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டை விழுந்துவிட்டது. அதன்மேல், தந்தத் தகடுகளாலாகிய ஒரு குறிப்பேட்டுக்கு அட்டவணையை மாற்றினார். சிவப்புக் கோடுகள் தந்தத்திலே ஊறி நிலைத்தன. பென்சிற் புள்ளிகளை ஈரப் பஞ்சினால் எளிதிலே துடைக்கலாம்.

நாட்டிலுள்ள நூதனசாலைகள் எத்தனையோ வாட்களையும் முடிகளையுங் காட்டுகின்றன. எமக்கு இந்தத் தந்தத் தகட்டைப் பார்க்க விருப்பம். நிலைப்பது இன்னது, துடைப்பது இன்னது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றை நாம் அறியோம்.

‘ஒழுங்கு’ என்னுங் குணத்தின் பொருட்டு அவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் ஒரு திட்டம் வகுத்து அப்புத்தகத்திலே எழுதியிருந்தார். காலை ஐந்து மணிக்கு எழுதல், கடவுளை நினைத்தல், எட்டு மணி முதல் வேலை, நண்பகலிலே வாசிப்பும் கணக்குப் பார்த்தலும் உணவும், பின்னும் வேலை, மாலையிலே பொருட்களை அவ்வவற்றின் இடத்திலே வைத்தல், சங்கீதம், உரையாடல், பத்து மணிக்கு நித்திரை. இவை மாறாதவை. காலையிலே எழுந்ததும் இன்று என்ன நன்மை செய்வேன் எனத் தம்மைத் தாமே வினவி, அன்றைய அலுவலை அந்த வேளையிலே வகுத்துக்கொள்வார். அது நாள்தோறும் புதியது. முற்றம் ஒன்றே, கோலம் நாளுக்கு நாள் வேறு. நாம் செய்த பிழை முற்றத்தையும் நாள்தோறுங் கீறிக்கொண்டிருந்தது.

இவ்வளவு செய்தும் பிராங்கிளினுக்கு அதிகந் தொல்லை கொடுத்தது இந்த ஒழுங்கு என்னுங் குணமே. அச்சக முதலாளி தன் நேரத்துக்குத் தானே அதிபதியல்லன். அலுவலாக வருவோர் வரும் நேரமே அவன் நேரம். நல்ல ஞாபகசக்தி இருந்தமையால் இளமையிலே ஒழுங்கின்மையின் நட்டம் அவருக்குத் தெரியவில்லை. முதுமையில் ஞாபகங் குன்றியபோது அதன் குறையை நன்றாக உணர்ந்ததாக, எழுபத்தொன்பதாம் வயதிலே, 1784 இல் எழுதுகின்றார். தம் தோல்வியைச் சொல்ல ஒரு கதையும் வைத்திருந்தார். கோடரியின் விளிம்பைப் போல முழுவதும் பளபளக்க வேண்டுமென ஒருவன் கொல்லனிடங் கேட்டான். நீ சாணைச் சக்கரத்தைச் சுற்றினாற் செய்து தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் களைத்தவன், புள்ளி விழுந்த கோடரியே தனக்குப் பிடித்திருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனான். சுற்றுக்கள் ஆண்டுக்கு நான்காயிருந்து ஒன்றாகி, பின்னர்ப் பல ஆண்டுக்கு ஒன்றாகி, பிரயாணங்களும் அரச காரியங்களும் மிக்க காலத்திலே முற்றாய் நின்றன. எனினும் அந்தச் சிறு புத்தகத்தை மாத்திரம் அவர் எப்போதும் உடன் கொண்டு திரிந்தார். பழகிப்போன குணத்துக்குப் புள்ளி தேவையில்லை. பழகாத குணத்துக்குச் சில கிழமை தேவை. இஃது அவர் சொன்னதன்று, அவர் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது.

பிராங்கிளின் ஒரு பஞ்சாங்கக்காரர் என்பதையும் இவ்விடத்திற் சொல்லுதல் பொருந்தும். 1733 ஆம் ஆண்டுக்கு முதற் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, 1758 வரை, ‘ஏழை றிச்சாட்’ என்னும் புனைபெயராலே ஆண்டுதோறும் அச்சிட்டார். அதிலே சந்திரனின் வளர்வு தேய்வும், கிரகணமும், நீதிமன்றம் கூடும் நாட்களும் உள. எமது வீட்டுச் சுவரிலே தொங்கும் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். திதி உண்டு, கிரகணம் உண்டு, விரத நாள் உண்டு, சுபமுகூர்த்தம் உண்டு. காலையிலே எழுந்து முகங் கழுவுக என்று எந்தப் பஞ்சாங்கமேனுங் கூறியதுண்டா? நைமித்திகத்தை எழுதி வைத்து, நித்தியத்தை எழுதாது விட்ட குறிப்பு அதுவே. நூற்றாண்டுகளாக எம் பாட்டிமார் அதனைக் கொண்டே வீடு நடத்தினர்.

பிராங்கிளினுக்கு ஜோர்ஜ் வைற்பீல்ட் என்னும் பிரசங்கியார் ஒருவர் நண்பர். 1739 இலே பிலடெல்பியாவுக்கு வந்த அவருடைய பிரசங்கங்களைப் பிராங்கிளினே அச்சிட்டார். அவர் குரல் எத்துணைத் தூரங் கேட்கும் என்று கூட்டத்தினின்றும் பின்னோக்கி நடந்து அளந்தும் பார்த்தார். வைற்பீல்ட், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே ஜோன் வெஸ்லி, சாள்ஸ் வெஸ்லி என்னுஞ் சகோதரரைச் சூழ்ந்திருந்த மாணவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். 1729 அளவிலே தொடங்கிய அக்கூட்டத்தார் செபத்துக்கும், படிப்புக்கும், சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் காண்பதற்கும் நேரம் வகுத்து நடந்தனர். ஜோன் வெஸ்லி தம் நாட்குறிப்பிலே மணித்தியாலக் கணக்காகத் தம் நேரத்தைப் பதிந்து வந்தார். ஏனைய மாணவர் இவர்களைப் பார்த்து, ‘முறைகாரர்’ என்னுங் கருத்திலே மெதடிஸ்தர் என ஏளனஞ் செய்தனர். ஏளனப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்பெயருடையார் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கும் வந்தனர். அவர்கள் நிறுவிய பாடசாலையிலே, பேர்சிவல் பாதிரியாரின் கீழ்ப் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879). 1848 இலே அப்பதவியை விட்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இவ்வரலாறு எம் வாசகர் யாவரும் அறிந்ததே; விரிக்கவேண்டுவதில்லை.

மிஷன் கல்லூரியொன்றிலே பதின்மூன்று ஆண்டு படித்த எமக்கு ஒன்று தோன்றுகின்றது. அங்கே எங்களை ஆண்டது அதிபரன்று, மணியே. மணி அடித்தால் எழுவோம். மணி அடித்தால் இருப்போம். நேரசூசியை எவருந் தம் கொப்பியிலே ‘இன்று செய்ய வேண்டியவை’ என எழுதியதில்லை. எழுதியவை எல்லாம் நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய கட்டுரையும், நூலகத்துக்குத் திருப்ப வேண்டிய புத்தகமுமே. அத்தகைய ஒரு பாடசாலையிலே இளமையைக் கழித்த நாவலர் பெருமான், சைவப் பிள்ளைகளுக்கு நூல் செய்தபோது அந்த வினாவிடை முறையைக் கைக்கொண்டார். ஆயின் உள்ளே வைத்த பாகுபாடு ஆகமங்களினதும் பழைய பத்ததிகளினதுமே. சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்திலே நித்திய கருமவியல் எனத் தனியே ஓர் இயல் உண்டு. சூரியன் உதிக்குமுன் நித்திரை விட்டெழுதல் தொட்டு, சுத்தி, நீராடல், வழிபாடு, போசனம் என அது நிரையாகச் செல்லும். விரதவியல் வேறோர் இயல். பிரதோஷம், சிவராத்திரி, கந்தசட்டி முதலாயின அங்கே. இரண்டையும் ஒரு பட்டியலிலே கலக்கவில்லை. நித்திய கருமவியலை ஒருமுறை படித்துப் பழகிக்கொண்டபின் அப்பக்கத்தைப் புரட்டவேண்டியதில்லை. விரதவியலையோ ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இம்மலருக்குக் கட்டுரை எழுதும் பொருட்டு எமது சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களைப் புரட்டினோம். மூத்தோர் பொறுக்கவேண்டும், அங்கே கண்டதொன்றைச் சொல்லாதுவிட மனம் இடந்தரவில்லை. வாசிகசாலையை மாலை நான்கு மணிக்குத் திறப்பது பற்றி முதற் புத்தகங்களில் ஒரு வரிதானும் இல்லை. விசாரித்தபோது, அக்காலத்திலே பெரியவர் ஒருவர் நாள்தோறும் நான்கு மணிக்கு வந்து திறந்து, பத்திரிகைகளை விரித்து, மேசையைத் துடைத்து, ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டுப் போவார் என்றார்கள். எவரும் அவரைக் கேட்டதில்லை. எவரும் நன்றித் தீர்மானம் நிறைவேற்றியதுமில்லை. அவர் காலமான ஆண்டுக் குறிப்பிலேதான் ‘வாசிகசாலை திறத்தல்’ என்னும் விடயம் முதன்முறையாக வருகின்றது. அதன்பின் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்திலும் வருகின்றது. பொறுப்பாளர் நியமனம், முறைப்பட்டியல், பொறுப்பாளர் மாற்றம், மீண்டும் முறைப்பட்டியல். இன்று அது நிகழ்ச்சிநிரலிலே பத்திரமாக இருக்கின்றது. கதவோ கிழமையில் இரண்டு நாள் திறந்திருந்தால் அதிகம். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட முப்பது பேர் வருகிறோம். விழா நைமித்திகம், அதற்கு நாமும் ஓடிவந்தோம். நான்கு மணித் திறப்பை நித்தியமாக ஏற்க எவருமில்லை. இதை எழுதுகின்ற நாமும் ஏற்றிலோம்.

நிற்க. இவ்வளவுக்கும் ஒரு தடை கூறலாம். வழக்கமானவற்றை எழுதவேண்டாமெனின், வழக்கமே ஒருநாள் வழுக்கினால் என்செய்வது?

1935 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, டேற்றன் நகரை அடுத்த ரைற் விமானத் தளத்திலே, போயிங் நிறுவனத்தின் 299 ஆம் மாதிரி விமானஞ் சோதனைக்கு எழுந்தது. நான்கு இயந்திரம் பூண்ட புதிய குண்டுவீச்சு விமானம். செலுத்தியவர் மேஜர் ஹில், கைதேர்ந்த இராணுவ விமானி. உடனிருந்தவருள் ஒருவர் லெஸ்லி டவர், அந்நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி. விமானம் நிலத்திலே நிற்கும்போது காற்று அடித்து வாற்பக்கத்துச் செலுத்துதட்டுக்களை ஆட்டாதபடி ஒரு பூட்டு உண்டு. எழுமுன் அதனை விடுவித்தல் வேண்டும். அன்று விடுவிக்கவில்லை. விமானஞ் செங்குத்தாக ஏறி, வேகமிழந்து விழுந்து எரிந்தது. ஹில் அன்றே இறந்தார். டவர் சில நாட்களின் பின் இறந்தார். பூட்டைப் பற்றி அறியாதவர் அல்லர் அவ்விருவரும். நன்கு அறிந்ததனாலேயே அதனை எவரும் நினைவூட்டவில்லை.

அதன்பின் விமானிகள், புறப்படுமுன்னும் இறங்குமுன்னும் பார்க்கவேண்டியவற்றை அட்டையிலே எழுதி, ஒவ்வொரு முறையும் வாசித்துச் சரிபார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். அவ்விமானத்தின் வழிவந்த பி-17 வகையிலே பின்னர் 12,731 விமானங்கள் கட்டப்பட்டன. அட்டைமுறை உலகெங்கும் பரந்தது.

இந்த அட்டை நாளலுவற் குறிப்போடு ஒத்ததாகத் தோன்றும், அன்று. அதற்குத் திகதி இல்லை. செய்து முடித்துக் கிழித்தெறிவதும் இல்லை. ஆயிரமாவது பறப்பிலும் அதே வரிகள். அது பிராங்கிளினின் தந்தத் தகட்டுச் சிவப்புக் கோடு. எழுத்திலே வைத்த நித்தியம். அதிலும் எல்லா நித்தியத்தையும் எழுதவில்லை. தவறினால் உயிர்போகும் சிலவற்றை மாத்திரம் எழுதினர். விமானி மூக்குக்கண்ணாடி அணிந்தாரா, தேநீர் குடித்தாரா என்பன அங்கே இல்லை.

இம்முறையை வைத்திய உலகமும் ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் 2008 இலே சத்திரசிகிச்சைக்கென 19 வினாக்கொண்ட ஓர் அட்டையை வெளியிட்டது. நோயாளியின் பெயர், செய்யப்போகுஞ் சிகிச்சை, உடம்பின் எப்பக்கம் என்பன அவற்றுள் அடங்கும். எட்டு நாடுகளின் எட்டு ஆஸ்பத்திரிகளிலே பயன்படுத்தி ஆராய்ந்தபோது, சத்திரசிகிச்சையின் பின் இறந்தோர் தொகை நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009 இல் அறிவிக்கப்பட்டது.

நான்கு மாதங் கழித்துப் பெரியப்பாவின் நாள் வந்தது. முதல்நாள் இரவு எமது கொப்பி ஒற்றையிலே இருந்தது ஒரே வரி. காலையிலே அவரை அழைத்துச் சென்றோம். வாசலிலே ஒரு தாதி பெயரையும் எந்தக் கண் என்பதையுங் கேட்டார். உள்ளே கட்டிலிலே இருத்தியபின் வேறொருவர் கேட்டார். சொட்டு மருந்து விட வந்தவருங் கேட்டார். நான்காவதாக ஓர் இளந் தாதி அட்டையோடு வந்து, “ஐயா, எந்தக் கண்?” என்றதும் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“என்ன பிள்ளை, எத்தினை தரந்தான் கேப்பியள்? வலக் கண்தான், வலக் கண்தான்!”

அப்பெண் சிரித்துக்கொண்டே அட்டையிலே அடையாளமிட்டுப் போனாள். பெரியப்பா இப்போது பத்திரிகையைத் தாமே வாசிக்கின்றார்; முன்போலவே மரண அறிவித்தற் பக்கத்திலிருந்து தொடங்குகின்றார்.